பார்வையாளர் நேரத்து ஈரம்

ஜூன் 5, வியாழன்

முதுகு ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். கால் விரல்கள் அசைகின்றன. சிறுநீர்தான் சொல்பேச்சு கேட்கவில்லை, வருவது தெரியாமலே வந்துவிடுகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். "பிரேக்கில் கால் இருக்கட்டும்" என்று ஊரையே விரட்டியவள் நான். இப்போது எனக்கே பிரேக் பிடிக்கவில்லை. நரம்பு தேற நாளாகும், ஆனால் தேறும் என்கிறார் டாக்டர்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "உங்க அக்காவுக்குத் தெரியவே கூடாது. யாருக்கும்."

"உன் மேல சத்தியம். என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றார். கட்டிய புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஜூன் 7, சனி

நர்ஸ் சின்னப் பெண், ஆனால் கறார். "நனைஞ்ச உடனே பெல் அடிங்கக்கா. கூச்சப்பட்டுப் படுத்திருந்தா தோல் வெந்துடும்." சோப்பு கூடாதாம். மென்மையான கழுவு திரவத்தில் சுத்தம் செய்து, தேய்க்காமல் ஒத்தி எடுத்து, கிரீமை மெல்லிசாகத் தடவுகிறாள். தோல் உடைந்தால் நடக்கப் பழக்கும் வார்டுக்கு மாற்ற மாட்டார்களாம். நான் நடந்தாக வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டாக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பார்வையாளர் நேரம். நாத்தனாரும் மகளும் வந்தார்கள். பேச்சு நடுவில் நனைந்துவிட்டது. பெல் அடித்தால் திரையை இழுப்பார்கள், குட்டு உடைந்துவிடும். சிரித்துக்கொண்டே கிடந்தேன். 'கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போங்களேன்' என்று அவருக்குக் கண்ஜாடை காட்டினேன். மனிதர் போனிலிருந்து தலை தூக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றும் வந்தார்கள், இன்றும் வந்தார்கள். மதியத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தினேன். ஆயாவைக் கெஞ்சி ஒன்றுக்கு இரண்டாக ஈரம் உறிஞ்சும் பேட் வைத்துக்கொண்டேன். நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"தண்ணி குறைச்சா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரியும். ரெண்டு பேட் வச்சா சூடும் ஈரமும் உள்ளயே அடைஞ்சு கிடக்கும். காலைல நல்லாத்தான் இருக்கு, சாயங்காலம் மட்டும் செவந்து போகுது. சாயங்காலம் யாரு வர்றாங்கக்கா?"

"சொந்தக்காரங்கதான்" என்று மழுப்பினேன்.

ஜூன் 11, புதன்

எரிகிறது.

ஜூன் 13, வெள்ளி

அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நனைஞ்சிருந்தா சொல்லும்மா. எங்ககிட்ட என்ன கூச்சம்? தம்பி அன்னிக்கே போன்ல சொல்லிட்டானே. அவனே துடைச்சு, அவனே கிரீம் போட்டு விடறானாமே. இந்தக் காலத்துல எந்த ஆம்பளை செய்வான்? குடும்பமே மெச்சிக்குது."

துடைத்தாரா? அவரா? திரையை இழுத்ததும் வராந்தாவுக்கு ஓடுகிற மனுஷன்! கிரீம் டியூப் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. அப்போ நான் யாருக்காக ஈரத்தில் வெந்துகிட்டுக் கிடந்தேன்? ஐயோ, பாவி மனுஷா —

"ஆமா அண்ணி, நனைஞ்சிருக்கு. அந்த பெல்லை அடிங்க" என்றேன்.

ஜூன் 14, சனி

அவரிடம் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் யார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்கணும் போல இருந்துச்சு" என்றார்.

"சரி, சொன்னீங்க. துடைச்சதா எதுக்குச் சொன்னீங்க?"

"யாரு பாத்துக்கறான்னு அக்கா கேட்டா... வாய் தவறி வந்துடுச்சு."

வாய் தவறி கிரீம் கூடவா தடவும்? சொன்னதையாவது மன்னித்திருப்பேன், பயந்துபோயிருப்பார் என்று. என் ஈரத்தை வைத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறார். அதைத்தான் விழுங்க முடியவில்லை. அதுவும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே.

இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தில் தோல் உடைந்துவிட்டது. வார்டு மாற்றம் தள்ளிப் போகிறது. சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன்.

ஜூன் 17, செவ்வாய்

நனைந்தால் உடனே பெல். யார் வந்திருந்தாலும் வெளியே அனுப்புகிறேன். தண்ணீரும் வயிறு நிறையக் குடிக்கிறேன். புண் காய்ந்து வருகிறது.

ஜூன் 24, செவ்வாய்

புண் ஆறிவிட்டது. தொட்டால் இன்னும் லேசாக வலிக்கிறது, அவ்வளவுதான். நாளை வார்டு மாற்றம். வீட்டு ஆள் ஒருவர் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள் நர்ஸ்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "வேற யாரு? தம்பிதான். அவனுக்குக் கைவந்த கலையாச்சே."

அவர் என்னைப் பார்த்தார். காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பார். "ஆமா சிஸ்டர், அவரே செய்யட்டும். அண்ணியும் இருந்து பாக்கட்டும்" என்றேன்.

திரையை இழுத்தார்கள். அவர் அழுத்தித் துடைத்தார்.

"தேய்க்காதீங்க சார், ஒத்தி எடுங்க. கிரீம் இவ்ளோ வேணாம். இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லையா?"

நாத்தனார் தம்பியையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டார். என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

இரண்டாவது முறை பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். "வலிச்சா சொல்லு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

வலித்தது. சொல்லவில்லை.