அக்காவின் சாய்தளம்

ஜூலை 3
விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இனி சக்கர நாற்காலிதான். நாளை மறுநாள் கணவரோடு என் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். வாசல் படிகளின் மேல் சாய்தளம் போட்டுவிட்டேன். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இடம் இருந்த அளவுக்குப் பலகை. "சாய்வு சரியா இருக்குமாம்மா?" என்று போனில் கேட்டார் மாமா. "கணக்கு டீச்சர்கிட்டயே கேக்கறீங்களா?" என்றேன்.

ஜூலை 5
பாதிப் பலகையில் அக்காவின் கை நழுவி, நாற்காலி பின்னால் உருண்டது. மாமா பாய்ந்து பிடித்தார். என்னைப் பார்த்தார். "அக்காவுக்கு இன்னும் கைப்பழக்கம் வரலை" — சட்டென்று வாயில் வந்துவிட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா, எனக்குத்தான் தெம்பு போதலை."

ஜூலை 8
மாமா வேலைக்குப் போனால் அக்காவுக்கு ஜன்னல்தான். கடைக்குக் கூப்பிட்டேன். "வேணாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

ஜூலை 9
வகுப்பில் செங்கோண முக்கோணம். கர்ணமும் எதிர்ப்பக்கமும் தெரியும், கோணம் என்ன? சாய்ந்த பலகை ஒன்றை வரைந்தேன். கை அப்படியே நின்றது. வீட்டு வாசலில் கிடப்பதும் இதே படம்தானே? அதற்கு நான் கணக்கே போடவில்லையே!

மாலையில் அளந்தேன். உயரம் 45 சென்டிமீட்டர், பலகை 300. சைன் 0.15. கோணம் எட்டரை டிகிரிக்கு மேல். சக்கர நாற்காலிக்கு ஐந்தைத் தாண்டக் கூடாதாம். அக்கா படுத்திருந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து நானே ஏறிப் பார்த்தேன். பாதிகூட முடியவில்லை.

சீ, என்ன ஜென்மம் நான்? அவ கையைப் போய் குறை சொன்னேனே...

ஜூலை 10
சொல்லிவிட்டேன், மாமாவையும் வைத்துக்கொண்டே. மாமா எழுந்து போனார். அக்காதான், "கணக்குப் போடலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் என் கையைத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றாள். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூலை 13
ஐந்து டிகிரிக்குள் அடங்க ஐந்தேகால் மீட்டர் வேண்டும். நேராகப் போனால் தெருவுக்கே வந்துவிடும். சுவரோரமாக மடக்கி, நடுவில் ஒரு சமதளம். இந்த முறை ஆணி அடிக்குமுன் படத்தை அக்காவிடம் காட்டினேன். "திரும்பற இடம் இத்துனூண்டு இருந்தா எப்படித் திரும்புவேன்?" என்றாள். அழித்து வரைந்தேன். மாமா இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 22
பள்ளியிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா சாவியை நீட்டினார். "உங்க அக்கா கொடுக்கச் சொன்னாங்க. தனியாவே நாற்காலியைத் தள்ளிக்கிட்டு இறங்கிப் போனாங்க. எங்க போறாங்கன்னு சொல்லலை."