புதினா வைத்த நீல டப்பா

சோழபுரத்தில் இருக்கும் என் பெண்சாதி ஏசம்மாளுக்கு வால்பாறையிலிருந்து தேவஇரக்கம் எழுதுவது. நான் சுகம், உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். சிரிக்காதே ஏட்டி, இது நானே எழுதியது.

எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி டீச்சர், “கண்ணில் படுறதையெல்லாம் வாசிங்க தாத்தா” என்றாள். நேற்று எஸ்டேட் குப்பையில் கிடந்த நீல டப்பாவை எழுத்துக் கூட்டினேன். ‘விஷம். காலி டப்பாவைப் புதைக்கவும்.’ முழுசும் வாசித்துவிட்டேன் என்று துள்ளினேன். பொறவுதான் உறைத்தது. பருத்திக்காட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து அதில் உனக்குப் புதினா நட்டுத்தந்தேனே, அதுவும் இதே டப்பாதான்.

குமட்டலுக்குத் தினமும் அந்தப் புதினாத் துவையல்தான் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தாய். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் செடியோடு புதைத்துவிடு, ஆட்டுக்கும் போடாதே. இன்றைக்கே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போ.

தபால்காரர் நிற்கிறார். சுகம் என்று ஒரு வரி போடு. அதுவரை நான் வேறு எதையும் வாசிக்கப்போவதில்லை.

தேவஇரக்கம்