அப்பா குனிந்தார், நாங்கள் இத்தாலி போய்ச் சேர்ந்தோம்

ஒலொமோட்ஸ்,
ஆகஸ்ட் 19

என் தங்கம் ஜிட்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஷோஃபி அத்தையும் உரிந்த மூக்கும் காதில் கடல் மணலுமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், மற்றபடி சுகம்தான். நியூசிலாந்தில் இப்போது குளிர் என்றாயே, நீ காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வீடியோவில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவதால் உனக்கு இதுவரை ஒழுங்கான சேதி எதுவும் வந்து சேரவில்லை. "சின்ன முதுகுப் பிடிப்பு, அவ்வளவுதான்" என்றாராமே. அதனால்தான் அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோடையும் போல இந்த முறையும் குரோஷியாவுக்கு, அதே தீவு, அதே நெவென்கா அம்மாள் வீட்டு மாடி அறை, பதினைந்தாவது வருஷம். ரயில்வேயில் நேர அட்டவணை போட்டே ஓய்வுபெற்ற மனுஷன் காருக்கும் ஓர் அட்டவணை போட்டிருந்தார், 6.10 புறப்பாடு, 8.40 சிறுநீர், 10.15 பொரித்த கறி. கறித்துண்டு முப்பத்தாறு நான் பொரித்திருந்தேன், அத்தை அந்தப் பாத்திரத்தை ஏதோ பச்சைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்திரியாவில் கிராஸ் தாண்டி ஓரிடத்தில் சாப்பிட நிறுத்தினோம், அத்தை கையிலிருந்து ஒரு ஊறவைத்த வெள்ளரிக்காய் உருண்டு காருக்கு அடியில் போக, அப்பா அதை எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே "ஹெடா, எனக்கு ஏதோ ஆயிடுச்சு" என்கிறார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து ஒரு லாரிக்காரரும் வந்து பக்கத்தில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார், அவருக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு ஜெர்மன் வரவில்லை, கடைசியில் வெள்ளரிக்காயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, நானும் அத்தையுமாக அவரை மடித்த நாற்காலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம், கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே.

வண்டியை இழுத்துப்போகிறவர்களைக் கூப்பிடு, ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார் அப்பா. அத்தைதான் "ஏன்டா வில்டா, ஹெடாகிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்றாள். "அது லைசென்ஸ் இல்லக்கா, ஞாபகார்த்தப் பொருள்" என்றார் படுத்திருந்தவர். உண்மைதான், எடுத்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது, நான்கே முறை ஓட்டினேன், நான்காவது முறை தீயணைப்பு நிலையத்துக் கதவைப் பின்பக்கமாக முட்டினேன், அதோடு சாவி அவர் பைக்குப் போய்விட்டது. ஆனாலும் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம். "சாவியைக் குடு" என்றேன். கொடுக்கவில்லை, அவர் பையில் நானே கைவிட்டு எடுத்துக்கொண்டேன், தடுக்க அவரால் அசைய முடியவில்லையே.

முதல் ஒரு மணி நேரம் அறுபதுக்கு மேல் போகவில்லை ஜிட்கா, கை வழுக்கி வழுக்கி ஸ்டியரிங் முழுக்க வியர்வை, ஒரே நினைப்பு, இவர்கள் இருவரையும் கொன்றுவிட்டு உனக்கு எப்படிச் சொல்வேன் என்று. பின்னால் ஸ்லோவேனியா வரைக்கும் கார்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்தன, ஹாரன் அடித்துத் தாண்டிப் போனவர்களுக்கெல்லாம் அத்தை மரியாதையாகக் கையசைத்தாள், "நல்ல ஜனங்க, எல்லாரும் விசாரிக்கறாங்க பாரு" என்று. பின்சீட்டிலிருந்து "நாற்பத்தெட்டு நிமிஷம் தாமதம்" என்று அறிவிப்பு வந்தது. சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அது மூன்று கிலோமீட்டர் நீளம் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது வெயில், காலி ரோடு, இறக்கம், என் கால் தானாக அழுத்திவிட்டது, நூற்றுப் பத்து! பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை, பாடத் தொடங்கிவிட்டேன், அறுவடைப் பாட்டு, கெட்ட வரிகளையும் விடவில்லை.

அப்புறம் அந்தப் பிரிவு வந்தது. இடப்பக்கம் குரோஷியா, நேராகப் போனால் இத்தாலி. கல்யாணமான நாளாக நான் இத்தாலி இத்தாலி என்று கேட்பதும், "கடல் எல்லாம் ஒரே கடல்தான், அங்க என்ன உப்பு ஜாஸ்தியா" என்று அவர் சொல்வதும் உனக்கே தெரியும். நான் திருப்பவில்லை. அத்தை வரைபடத்தைப் பார்த்து "இடப்பக்கம் இல்லையாடி?" என்றாள். "அங்க ரோடு வேலை நடக்குது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு கறித்துண்டை எடுத்துக் கடித்தாள். பெட்ரோல் போட வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த காலைப் பார்த்து "போன்ஜோர்னோ" என்றார். "ஹெடா, குரோஷியாக்காரன் ஏன் இத்தாலியன் பேசறான்?" என்றார் அப்பா. "மாமியார் வீடு அந்தப் பக்கமா இருக்கும்" என்றேன், வேறு என்ன சொல்ல. வழி தப்பிவிட்டேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டபோது அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

இத்தாலிக் கரையில், டிரியெஸ்ட் நகரத்தில் மூன்று நாள் தங்கினோம். நெவென்கா அம்மாளுக்கு போன் போட்டால் "பரவால்ல, மூணு நாள் நிம்மதியா தூங்கறேன்" என்கிறாள். மூன்றாம் நாள் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கடலில் இறக்கி மல்லாக்க மிதக்கவிட்டேன், ஒரு அலை வந்து தூக்கிப் போட்டது, முதுகில் கடக்கென்று சத்தம், எழுந்து நிமிர்ந்து நின்றுவிட்டார்! அத்தை கரையிலிருந்து கை தட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் நானும் உளறிவிட்டேன், "வில்டா, நான் வழி தப்பல, வேணும்னேதான் வந்தேன்" என்று. "தெரியும்" என்கிறார் மனுஷன்! "ஊர்ப் பேர் போட்ட பலகையெல்லாம் ரோட்டுக்கு மேலதானே தொங்குது, உக்காந்திருந்த உங்களைவிட படுத்திருந்த எனக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுது." ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். பாட்டை நிறுத்தச் சொன்னால் பிரேக்கையும் சேர்த்துப் போட்டுவிடுவேனோ என்று பயமாம். கொஞ்ச நேரம் தண்ணீரைத் தட்டிக்கொண்டு நின்றார், பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார், "ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வந்ததும் நீ பேச்சை நிறுத்திடுவ ஹெடா. தெரிஞ்சுதான் இடப்பக்கம் திருப்பினேன்."

உப்பு ஜாஸ்திதான் என்று நான் சொன்னேன்.

சரி, வாசலில் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். உன் கைகால் உறுதியாக இருக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், தேவமாதா உன் பக்கத்திலேயே இருப்பாள். அத்தைக்கு வருகிற பன்னிரண்டாம் தேதி பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு, வலது காதில்தான் கேட்கும், உரக்கப் பேசு. அப்பாவிடம் முதுகைப் பற்றி மட்டும் கேள், இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஹெட்விகா