என் மூக்கை நம்பாதே

கடைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறதும் இதைவிட நன்றாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய ஸ்கேன் படத்தை அப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூக்கு அப்படியே என்னுடையது என்கிறார், நேராகத் திருப்பிக் கொடுத்தேன், அப்போதும் அதையேதான் சொன்னார். அவருக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். அண்ணன் வேலைக்குப் போய் வருகிறான், சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறான், உப்பு குறைந்தாலும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாயே, மாசக் கடைசியில் தோழிகளோடு போட்டோ எடுக்கப் போகிறேன், ஏழாம் மாசத்தில் ஜெல் நகம் போட்டுக்கொள்ளலாமா என்று. ஒன்றும் ஆகாது போட்டுக்கோ என்று சொல்லி சட்டென்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஹாலில் அண்ணன் இருந்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன், படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் காட்டுவதோ காட்டாமல் இருப்பதோ உன் இஷ்டம்.

போன வருஷம் அண்ணிக்கு ஐந்தாம் மாசத்தில் கலைந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஆறு வாரம் அவள் என் நகப்பூச்சுக் கடையில் உட்கார்ந்தது தெரியும், வீட்டில் சும்மா இருக்க போரடிக்குது அத்தை என்று அவளேதான் வந்தாள். பழைய ஒட்டு நகத்தை ரிமூவரில் ஊறவைத்து எடுப்பது, அரத்தால் தேய்ப்பது, அதுதான் அவள் வேலை. கடை எவ்வளவு பெரிசு என்று பார்த்திருக்கிறாய், ரெண்டு நாற்காலியும் ஒரு மேஜையும் போட்டால் நான் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஈர பாலிஷில் தூசி விழுந்தால் வாடிக்கைக்காரிகள் சண்டைக்கு வருவார்கள் என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டேன், பவுடர் பறக்கும் என்று ஃபேனும் கிடையாது. இரண்டாவது வாரம் அவள் தலை கனக்கிறது, ஏதோ நெடி அடிக்கிறது என்றாள். நான் கிண்ணத்தின் மேல் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். நெடியே இல்லையேம்மா, மசக்கையில் எல்லாம் அப்படித்தான் தோன்றும் என்று சொன்னேன். அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். இது உனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

அண்ணியைப் பார்த்த டாக்டரம்மாவிடம் அப்போதே என் வேலையைச் சொல்லிக் கேட்டேன். இதனால்தான் ஆனது என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை, இதனால் இல்லவே இல்லை என்று சொல்லவும் எதுவும் இல்லை, காரணம் தெரியாமலே நிறைய பேருக்கு இப்படி ஆகிறது என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மறுநாள் கடையைத் திறந்தேன். அழவில்லை. எனக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது, ஆனால் விசித்திரம் என்று நினைத்ததோடு சரி.

போன மாசம் ரிமூவர் பாட்டில் ஒன்று மேஜையிலிருந்து உருண்டு என் பின்னால் விழுந்து மூடி திறந்துகொண்டது. நான் திரும்பிப் பார்க்காமல் ஒருத்திக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஜலதோஷம் என்று நினைத்தேன். என் கால் ஜில்லென்று நனைந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா டிபன் டப்பாவோடு வாசலிலேயே நின்று இருமினார். அவர் கடைக்கு வந்தாலே கண் கலங்கும், என்னைப் பார்த்து உருகுகிறார் பாருங்கள் என்று பதினெட்டு வருஷமாக வாடிக்கைக்காரிகளிடம் கேலி செய்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து காபித்தூளை முகர்ந்தேன், மணந்தது. பால் அடிப்பிடித்தால் தெரிகிறது. அந்த நெடி மட்டும் எனக்கு எப்போதோ போய்விட்டது.

அன்றைக்கே அண்ணியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "எனக்கு அடிச்சுது அத்தை. நீங்க இல்லேன்னதும் எனக்கும் இல்லாமப் போச்சு" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அவளே கடைக்கு வந்து, பெயிண்ட் ஒட்டிப்போயிருந்த ஜன்னலைக் கத்தியால் நெம்பித் திறந்துவிட்டுப் போனாள். இப்போது தூசி விழுகிறது, ரெண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தட்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க அதில் உட்கார்ந்து வேலை செய்வது வேறு, எப்போதாவது ஒருமுறை போய் நகம் போட்டுக்கொண்டு வருவது வேறு என்று டாக்டரம்மா சொன்னார், காற்றோட்டம் இருந்தால் அதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனாலும் உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. பவுடரும் லிக்விடும் குழைத்து நீட்டுகிற நகம் வேண்டாம், அதற்குத்தான் நெடி அதிகம், அது நான் பிறர் சொல்லக் கேட்டது. வெறும் பாலிஷ் போதாதா உனக்கு, உன் நகம் அழகுதான். நகத்தோரச் சதையை வெட்ட விடாதே. பிரசவத் தேதி நெருங்கினால் எல்லாவற்றையும் எடுத்துவிடு, ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள், நகத்தில் பூச்சு இருந்தால் சரியாகக் காட்டாமல் போகலாம். நீயாகப் பிய்த்து எடுக்காதே, நகத்தோடு வரும்.

அண்ணனிடம் நான்தான் சொல்ல வேண்டும், சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். ரெண்டு உயிராகப் போய் ரெண்டு உயிராகத் திரும்பி வா, அதுதான் என் ஆசீர்வாதம். நகம் போடப் போனதும் ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் கேள். உனக்கு நெடி அடித்தால், அங்கே இருப்பவள் இல்லை என்று சொன்னாலும், போனில் நானே இல்லை என்று சொன்னாலும், எழுந்து வெளியே வந்துவிடு.

உன்
அம்மா