ஒரு எண்ணை விட்டுவிட்டேன்

பங்குனி 6, வியாழன்
தெற்குக் காற்று. ஏரி வற்றி ஒரே சேற்று வாடை. இறாலுக்குப் போகவில்லை, முட்டி வலி.
பேப்பரில் கடினச் சுடோகு. ஒரு எண்ணும் தானாக விழவில்லை. மூலைக் கட்டத்தில் 3 இல்லாவிட்டால் 8. சங்கிலி போட்டேன். 3 என்று வைத்தால் கீழே 5, அதனால் பக்கத்துப் பெட்டியில் 2, அப்படியே சுற்றி வந்தால் ஒரே வரிசையில் இரண்டு 5. உடைந்தது. அப்போ 8தான். அஞ்சாம் கிளாஸ் படிப்பு. இந்த ஊரில் வேறு யாராவது போடட்டும் பார்ப்போம்.
பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கட்டத்துல எறா மாட்டுச்சா?"
"எனக்கு மாட்டும். உனக்குத்தான் வலையே பிடிக்கத் தெரியாதே."

வெள்ளி
ஞாயிறு கோயிலில் பாடு சீட்டு. எந்த வீடு ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று குலுக்குவார்கள். ஆம்பளை வந்து நிற்காத வீட்டுக்குப் பங்கு கிடையாது. வீட்டுக்காரர் செத்த பிறகு எங்கள் பங்கு மகன் குமார் பேரில். அவன் மெட்ராஸில் லாரி ஓட்டுகிறான்.
போன் போட்டேன். "பாக்கலாம்மா." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.
வாங்க: புளி, பென்சில், முட்டிக்குத் தைலம்.

சனி
பேப்பரைத் தொடவில்லை. குமாரை வைத்துச் சங்கிலி.
வருவான் என்றால் லீவு கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் சொல்லியிருப்பான். சொல்லவில்லை. உடைந்தது.
வரமாட்டான் என்றால் பங்கு வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாதவன் போன மாசம் புது வலைநூல் எதற்கு அனுப்பினான்? அதுவும் உடைந்தது.
இரண்டும் உடைந்தால் அந்தக் கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணை விட்டிருக்கிறேன். எது?
வருவான் என்றே வைத்தேன். நண்டு சொல்லி வைத்தாயிற்று.

ஞாயிறு
நண்டுக் குழம்பு, சோறு. சீட்டு நடக்கும் இடத்துக்குப் பொம்பளைகள் போவதில்லை. வாசலைப் பார்த்தபடி நான். கோயில் மைக் சத்தம் ஓய்ந்தது. வெயில் ஏறியது.
கன்னியம்மா பஸ் ஸ்டாண்டில் மீன் விற்றுவிட்டு வந்தாள். "குமாரு வந்துச்சே! பங்கு சித்தப்பா மவன் தேசப்பனுக்குன்னு கோயில்ல சொல்லிட்டு, பஸ் ஏறிப்பூட்டுதாமே. வூட்டுக்கு வந்துச்சாக்கா?"
"வராம? சாப்ட்டுத்தான் போனான்."
தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.
வருவான், வரமாட்டான். இரண்டுதான் எழுதி வைத்தேன். ஊருக்கு வந்து வீட்டுக்கு வராமல் போவது என்று ஒன்று இருந்திருக்கிறது.
சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். குழம்பைத் தொடவில்லை.

திங்கள்
வானம் மூடாக்கு. காற்றே இல்லை.
தேசப்பன் வந்தான். "பெரிம்மா, அந்த நூலு எங்க? அண்ணன் எனக்குத்தான் அனுப்பிச்சுதாம். உங்கையில சொல்லத்தான் அதுக்கு வாய் வரல."
எடுத்துக் கொடுத்தேன்.
"பாவம், பசியோட போச்சு. ஸ்டாண்டுல கன்னியம்மாதான் ரெண்டு பன்னு வாங்கிக் குடுத்துச்சு."
குழம்பு ஊசிவிட்டது. கொட்டப் போனேன். குழாயடியில் கன்னியம்மா. சட்டி நிறைய இருந்த குழம்பைப் பார்த்தாள், குடத்தை நகர்த்தி வழி விட்டாள்.