கையெழுத்துக் கேட்டு வந்த அண்ணன்

என் அருமை ஜட்ஜ் அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே உன் தம்பி, என் அண்ணன், வேப்பம்பட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். கையில் பட்டுப்புடவை, பூ, பழம். கூடவே விடுதலைப் பத்திரம். கள்ளிக்குப்பத்தில் அப்பா கட்டிய வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அக்கா இருந்தவரைக்கும் அதுக்குப் பயந்துகினு நீ போடல. இப்பதான் அது போயிட்ச்சே, இன்னும் இன்னா?" என்றான். எனக்கு வந்ததே கோபம்! உன் படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை, அக்கா.

அவனுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? ஆவடி டாங்கி ஃபாக்டரியில் உழைத்த அப்பா அவனைத்தான் படிக்க வைக்க ஆசைப்பட்டார். படித்தது நீ. கூட்ட ரயிலில் இடிபட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனாய். "பொட்டப் புள்ளைக்குக் கறுப்புக் கோட்டு ஒரு கேடா?" என்று தெருவே சிரித்தது.

நீ முன்சீப்பாகப் போன ஊரில் அதற்கு முன் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஒரு பெரிய வக்கீல் உன் அறைக்குள் வந்து, "ஏம்மா, ஐயா எப்ப வருவாரு?" என்று கேட்டாராம். "ஐயா வர மாட்டாரு. நான்தான் ஜட்ஜ். உங்க கேஸைக் கூப்பிடட்டுமா?" என்றாயாம். நீ இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது.

மாவட்ட நீதிபதி ஆனபிறகும் உன் வழக்கம் மாறவில்லை. எந்தப் பெண்ணாவது பங்கு வேண்டாம் என்று கோர்ட்டில் சொன்னால், அண்ணன் தம்பிகளை வெளியே அனுப்பிவிட்டு, "நீயா சொல்றியா, சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்பாய். ஊர்ப் பெண்களையெல்லாம் கேட்டவள் என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை? "எனக்கு வேணும், நான் போட மாட்டேன். உன் முடிவு உன்னுது" என்றதோடு நிறுத்திக்கொண்டாய். நானும் "அக்கா போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த முறை ஓட்டவில்லை. "பயந்துகினு இல்லண்ணா. எனக்கு வேணும்" என்றேன்.

"அப்ப பொறந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே."

"மிதிப்பேன். அந்த வாசப்படியிலயும் எனக்குப் பங்கு கீதுல்ல?"

புடவையை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் தலை மறைந்ததும், நீ இல்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறேன். வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீலம்மா. இழுக்கட்டும். உறவு விட்டுப்போகும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் வாய் திறந்தால் அறுந்துபோகிற உறவு என்ன உறவு, நீயே சொல்!

உன் பெயரைச் சொல்லி எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன். கூண்டில் ஏற்றி எப்படி மடக்கினாலும், எனக்கு வேண்டும் என்று ஊர் கேட்கச் சொல்வேன். இது சத்தியம், அக்கா.

கையெழுத்துப் போடாத உன் தங்கை,
செல்வி