துக்கம் விசாரிக்காத வீடு

மார்ச் 4

கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. நர்ஸ் குல்பாரா வந்தாள். இமாம் ஒமுர்பெக் வந்தார். காவலாளி வந்தார், அவர் வராவிட்டால் அரங்கின் கதவே திறக்காது. இவர்களோடு மகளிர் மன்றத் தலைவியான நான். அரங்கு நிறைய நாற்காலி போட்டிருந்தேன். போட்டதும் நானே, எடுத்து அடுக்கியதும் நானே.

கடைக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. கடைக்காரி என்னைக் கவனிக்காமல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மனநலக் கூட்டமாம். போனா பேரை எழுதிக்குவாங்க. அப்புறம் லைசென்சும் கிடையாது, வேலையும் கிடையாது, பொண்ணுக்கு மாப்பிள்ளையும் கிடையாது." நான் இருமினேன். "வாங்க ரைகுல் அக்கா, நல்ல சர்க்கரை வந்திருக்கு" என்றாள், வெட்கமே இல்லாமல்.

மே மாதம் மாவட்டத்திலிருந்து மனநல டாக்டர் வருகிறார். குல்பாராவின் சுகாதார நிலையத்தில் ஒரு நாள் இருப்பார். ஆள் வந்தால் மாதாமாதம் வருவார். வராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இதை வாங்குவதற்கு நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஊர் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறது.

மார்ச் 6

விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். மாவு பிசைந்தேன், ஜன்னல் துடைத்தேன், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தேன். எதிர்வீட்டுப் புகைபோக்கியில் நண்பகல் வரை புகை இல்லை.

அது கலிச்சாவின் வீடு. முதல் வகுப்பு டீச்சர். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில். இலையுதிர் காலத்தில் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. குளிர் இன்னும் விடாத மார்ச்சில் நண்பகல் வரை அடுப்பு பற்ற வைக்காமல் ஒருத்தி இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 8

மகளிர் தினம். மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள், ஆண்கள் எங்களைப் புகழ்ந்து தள்ளினார்கள். கலிச்சா வரவில்லை.

மார்ச் 10

போனேன். பின்னலைப் பிரித்துச் சீவி எத்தனை நாளாயிற்றோ. சிரித்தாள், "கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான் அக்கா" என்றாள். டாக்டர் என்ற சொல்லை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"என் பேரை எழுதிக்குவாங்க. அப்புறம் எந்தத் தாய் என்கிட்ட பிள்ளையை அனுப்புவா?"

நான் கிளம்பும்போது வாசலில் நின்று, ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "பனி உருக ஆரம்பிச்சிடுச்சு இல்ல, ராத்திரியில ஆத்துச் சத்தம் நல்லா கேக்குது. கூப்பிடற மாதிரி இருக்கு."

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

மார்ச் 11

என் தம்பியும் இப்படித்தான் பேசினான். ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலை உடைத்துக்கொண்டிருந்தால் ஊரே ரொட்டியும் வெண்ணெயுமாகத் திரண்டு வந்து நலம் விசாரித்திருக்கும். மனசு என்றதும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வசந்தத்தில் புதைத்தோம்.

அப்படியானால் — ஏன் இவளை நலம் விசாரிக்கப் போகக் கூடாது? வழக்கம் நம்மிடம் இருக்கத்தானே இருக்கிறது? காய்ச்சலுக்குப் போகிறோம், கல்லடைப்புக்குப் போகிறோம். இதற்கும் போனால் என்ன?

இமாமைப் பிடித்தேன். மசூதிக்குப் பின்னால் பையன்களோடு வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர், பெரியவர்களுக்குப் பயந்தவர். முதலில் தலையைச் சொறிந்தார். அப்புறம், "நோயாளியைப் பார்க்கிறது கடமைதான் அக்கா. மனசு நோவும் நோவுதானே. வெள்ளிக்கிழமை தொழுகையில சொல்றேன்" என்றார்.

மார்ச் 13

சொன்னார். அழகாகச் சொன்னார். கிழவர்கள்கூடத் தலையாட்டினார்களாம். நான் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். கால் வலிக்கிறது, ஆனால் சந்தோஷம்.

"கொஞ்சம் உட்கார்ந்து டீ குடிச்சா ஊர் இடிஞ்சிடாது" என்கிறார் என் வீட்டுக்காரர் மெடெர். கல்யாணமான நாள் முதல் இதே பேச்சு. நின்றுகொண்டே குடித்தேன்.

மார்ச் 19

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போனார்கள். நான் கேட்டபடியே ஊரே போனது. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். நலம் விசாரிக்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டா? கலிச்சா விரிப்பு விரித்தாள், சமோவாரில் டீ வைத்தாள், மாவு பிசைந்து எண்ணெயில் ரொட்டி பொரித்தாள். புருஷன் வீட்டுப் பெரிய மனிதர்கள் வந்துவிட்டதால் கொழுந்தனிடம் ஆடு வாங்கி அறுக்க வேண்டியதாயிற்று. தன் தலையைச் சீவத் தெம்பில்லாதவள் வந்தவர்களுக்கெல்லாம் குடல் கழுவியிருக்கிறாள்.

கடைசியில் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். எண்ணெய் கருகிப் புகைந்தும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள்தான் ஓடி வாணலியை இறக்கினார்கள்.

இதையெல்லாம் கடைக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முடிவாக அவள் சொன்னது: "அவளுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நல்லாத்தான் இருக்கா. ரொட்டி எவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு தெரியுமா."

மார்ச் 21

நூரூஸ் புத்தாண்டு. எல்லா வீட்டிலும் விளக்கு. எதிர்வீட்டு வெளிக்கதவில் உள்தாழ்.

மார்ச் 24

நான்கு நாளாகக் கூப்பிடுகிறேன், திறக்கவில்லை. குல்பாரா கூப்பிட்டுப் பார்த்தாள். இமாம் வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார். ராத்திரியெல்லாம் என் காதிலும் ஆறுதான். எழுந்து எழுந்து ஜன்னலில் நின்று பார்க்கிறேன். "விடிஞ்சா போய் கதவை உடைச்சுடலாம், இப்ப படு" என்றார் மெடெர். அவரும் தூங்கவில்லை.

மார்ச் 25

உடைக்கவில்லை. மாட்டுக் கொட்டில் வழியாகப் புகுந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், சாணியை மிதித்துக்கொண்டு. உயிரோடு இருந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாரும் கேட்டாங்க அக்கா. தூங்கினியா, சாப்பிட்டியா, தலை வலிக்குதா. ரொட்டியை வாயில போட்டுக்கிட்டே கேட்டாங்க. ஒருத்தராவது என் பிள்ளையைப் பத்திக் கேட்டாங்களா?"

கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பிள்ளை போன அன்னைக்கும் யாரும் வரல. நீங்க மட்டும் வந்தீங்க. என்ன சொன்னீங்க ஞாபகம் இருக்கா? சின்ன வயசு, அடுத்தது வரும்னு சொன்னீங்க."

சொன்னேன். எல்லாரும் சொல்வதுதான் அது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தைக்குத் துக்கம் விசாரிக்கிற வழக்கம் இங்கே இல்லை. அழுதால் அடுத்த குழந்தைக்கு ஆகாது என்பார்கள். ஆக, பிள்ளையைப் பறிகொடுத்தவளை இத்தனை மாதம் கழித்து நலம் விசாரிக்க அனுப்பியிருக்கிறேன், ஏதோ பல்வலிக்காரி மாதிரி. ஐயோ, ரைகுல்.

மார்ச் 27

இமாமோடு சண்டை. "உயிரில்லாம பிறந்த பிள்ளைக்கு ஜனாஸா தொழ முடியாது அக்கா" என்றார். "தொழச் சொல்லல. துக்க வீட்டுக்கு வந்து ஓதுங்கன்னுதான் கேக்கறேன்" என்றேன். "இத்தனை மாசம் கழிச்சா? பெரியவங்க என்ன சொல்லுவாங்க?" "பெரியவங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பாருங்க."

பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "ஓதக் கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்றார் கடைசியில். "நீங்க சொன்னதுக்காக வரல. எனக்கே முன்னாடி தோணியிருக்கணும்."

மார்ச் 30

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம்தான் சமைக்க வேண்டும். அந்த வழக்கத்தை நான் கையிலெடுத்தேன். டீ என் வீட்டில் கொதித்தது. ரொட்டி கடைக்காரி வீட்டில் பொரிந்தது. எல்லாவற்றையும் தெருவைக் கடந்து சுமந்து போனோம். கலிச்சா எழுந்திருக்கப் போனபோது குல்பாரா தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

வந்தவர்கள் அதே ஆட்கள்தான். ஆனால் இன்று வெளிக்கதவிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வந்தார்கள், துக்க வீட்டுக்கு வருவது போலவே. இமாம் ஓதினார். ஓதி முடித்ததும், "பிள்ளைக்கு மனசுல ஏதாவது பேரு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"பெர்மெட்" என்றாள் கலிச்சா.

இமாம் அந்தப் பெயரைச் சொல்லி துஆ கேட்டார். நாங்கள் எல்லாரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். கடைக்காரி இருக்கிறாளே, என் எதிரி, அவள்தான் முதலில் போய் கலிச்சாவைக் கட்டிக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு போச்சுடி. இருபது வருசமாச்சு. எங்க மாமியார் அழக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். இரண்டு பேரும் அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 2

எதிர்வீட்டில் காலையிலேயே புகை.

ஏப்ரல் 15

மறுபடி புகை இல்லை. இரண்டு நாளாக. குல்பாரா என் மேல் எரிந்து விழுந்தாள். "அழுதா போதும்னு நினைச்சீங்களா? அழுதது நல்லது. ஆனா அவளுக்குத் தூக்கம் இல்ல, எடை குறைஞ்சுகிட்டே போகுது. டாக்டர் பார்க்கணும்." சரிதான். நான் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிட வேண்டும்.

பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். கலிச்சா டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆபத்து வராது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதோடு விடவில்லை, அவரைக் கலிச்சா வீட்டுக்கு நடக்க வைத்து அவளிடமும் சொல்ல வைத்தேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "பசங்க உங்களை எப்ப வருவீங்கன்னு கேக்கறாங்க டீச்சர்" என்று அவராகவே சேர்த்துச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை.

டாக்டரிடமும் குல்பாரா போனில் பேசிவிட்டாள். பேச வருகிறவர்களின் பெயர் அந்த அறையை விட்டு வெளியே போகாதாம். கலிச்சா வருகிறேன் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

மே 15

நாளை டாக்டர். சுகாதார நிலைய வாசலில் இருக்கும் பெஞ்சைக் கழுவினேன். குல்பாரா ஏற்கெனவே கழுவியிருந்தாளாம். "தம்பி போனதிலிருந்து நீ உட்கார்ந்து நான் பார்க்கல" என்றார் மெடெர். இந்த முறை கேலியாகச் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்றேன்.

மே 16

டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஆள் யாரும் வரவில்லை. நான் சுகாதார நிலைய வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரமாக இரண்டு மூன்று பேர் வந்தார்கள், என்னைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் கலிச்சா வந்தாள். தலையைப் பின்னி, நல்ல முக்காடு போட்டு, தெரு நடுவிலேயே நடந்து வந்தாள்.

"அக்கா, நீங்க இப்படி போலீஸ்காரன் மாதிரி நின்னா யாரு உள்ள வருவா? ஊரே உங்களுக்குப் பயப்படுது."

"பின்ன எங்க நிக்கறது?"

"நிக்காதீங்க. அந்த பெஞ்சில உட்காருங்க. பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் இருந்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. வேலியோரம் போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். மன்றத் தலைவியே வரிசையில் இருக்கிறாளே என்று பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கலிச்சா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, கையில் மருந்துச் சீட்டு. என்னைப் பார்த்து, "போங்க, அடுத்தது நீங்கதான்" என்றாள். கிண்டலா, நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

போனேன். "உட்காருங்க, என்ன செய்யுது?" என்று கேட்டார் டாக்டர். நான் மகளிர் மன்றத் தலைவி, ஏற்பாடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் — இதைத்தான் சொல்லப் போனேன். வாக்கியம் தயாராகவே இருந்தது.

"என்னால உட்கார முடியல" என்றேன்.

நான் வெளியே வந்தபோது பெஞ்சில் இடம் இல்லை.